சிக்குன்குனியா காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை: ஊசி போடலாமா?

செல்வி_சென்னை

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவோடு இருக்கிறார். ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் திடீரென்று காய்ச்சல். காலையில் நன்றாகத்தான் இருந்தார், மதியம் குளிர் நடுக்கம், சாயங்காலம் எழுந்து நிற்க முடியவில்லை. சில நாளில் காய்ச்சல் விட்டது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்து அதுவும் அடங்கியது. அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து சிக்குன்குனியா என்று உறுதி செய்தார்கள்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். காய்ச்சல் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காலையில் கண் விழித்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே, பாதத்தைத் தரையில் வைப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. துவைத்த சேலையைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறார். கணுக்கால் வீங்கியிருப்பதால் செருப்பு நுழையவில்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகுகிறது. மறுநாள் விடிந்தால் அதே கதை.

ஊரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அன்று மாலையே அம்மா எழுந்து ரசம் வைத்துவிட்டார், அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் போவதற்குள் முன்பைவிட மோசம். இன்னொரு ஊசி போடலாம் என்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை.

வைப்பாறு

போடுங்கள் சகோதரி, யோசிக்காதீர்கள். எனக்கு வந்தபோது அந்த ஊசிதான் கை கொடுத்தது. அந்த வலி பட்டவனுக்குத்தான் தெரியும். கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டும். களை எடுக்கிற நேரம், ஆள் கிடைக்காது, படுத்துக்கொண்டு பேரிச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா?

குமரி_மருத்துவன்

செல்வி, முதலில் அந்த ஊசி என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காலையில் போட்டு மாலையில் சமைக்கும் அளவுக்குத் தெம்பு வந்து, ஒரு வாரத்தில் வலி பாய்ந்து திரும்பியது என்றால் அது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். பெயர் சொல்லமாட்டேன் என்கிற இடத்தில் இரண்டாவது ஊசி வேண்டாம். அடுத்ததாக, இன்றைக்கே அம்மாவின் சர்க்கரையைப் பாருங்கள். ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை எகிறும். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்களுக்கு முந்நூறைத் தாண்டுவதெல்லாம் சாதாரணம்.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. இந்த நோயிலேயே சில கட்டத்தில் நாங்களே கொடுக்கிறோம். ஆனால் முதல் வாரத்தில், ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போதே கொடுப்பது தவறு. டெங்குவா சிக்குன்குனியாவா என்று தெரியாத நேரத்தில் கொடுப்பது அதைவிடத் தவறு. பிந்திய கட்டத்தில் கொடுத்தாலும் குறைந்த அளவு மாத்திரையாக, இத்தனை நாள் என்று கணக்கு வைத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். நினைத்தபோது ஒரு ஊசி, வலித்தால் இன்னொன்று என்று போனால் மூட்டு வீக்கம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் திரும்பும்.

இந்த நோயை நாங்கள் மூன்று கட்டமாகப் பார்க்கிறோம். முதல் மூன்று வாரம் கடும் கட்டம். அதிலிருந்து மூன்று மாதம் வரை ஒரு நடுக்கட்டம், உங்கள் அம்மா இப்போது அதில்தான் இருக்கிறார். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம், காலை விறைப்பு நீடித்தால் நாள்பட்ட கட்டம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காய்ச்சல் விட்டதும் நோய் முடிந்தது என்று டாக்டரும் நினைத்து, வீட்டாரும் நினைத்து, நோயாளி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைமையைத்தான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

வைப்பாறு

டாக்டர் ஐயா, எல்லாம் சரி. கூலிக்குப் போகிறவன் மூன்று கட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பு எப்படி எரியும்? முதல் வாரத்தில் என்னதான் சாப்பிடுவது? அதைச் சொல்லுங்கள்.

குமரி_மருத்துவன்

நியாயமான கேள்விதான்.

முதல் வாரம் பாரசிட்டமால் மட்டும். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்கைத் தாண்ட வேண்டாம். குடிகாரர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் செட் மாத்திரை என்று காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதற்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், சளி மாத்திரையிலும் இருக்கும், அசிக்ளோஃபெனாக் சேர்ந்த வலி மாத்திரையிலும் இருக்கும். மூன்றையும் சேர்த்து விழுங்கினால் தெரியாமலே அளவு எக்கச்சக்கமாகிவிடும். அட்டையில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் டெங்கு இல்லை என்று தெரிகிற வரை கூடாது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் ஒரே கொசுதான் பரப்புகிறது, ஒரே தெருவில் ஒரே மாதத்தில் இரண்டும் ஓடும், ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தும் வரும். டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டெங்கு இல்லை, காய்ச்சலும் விட்டு இரண்டு நாள் ஆயிற்று என்றால் அப்புறம் வலி மாத்திரையைத் தாராளமாகத் தரலாம். சிக்குன்குனியா மூட்டுக்குப் பாரசிட்டமாலைவிட அதுதான் கேட்கும். அதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். செல்வி, உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டு இந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆன்டிபயாட்டிக் இதற்கு ஒன்றும் செய்யாது. சலைன் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்று ஆளுக்கு ஒரு பாட்டில் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். வாயால் குடிக்க முடிகிறவருக்குக் கஞ்சியும் மோரும் இளநீரும் போதும்.

மூலிகைத்_தோட்டம்

நிலவேம்புக் குடிநீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! 2006-ல் தமிழ்நாடே அதைக் குடித்துத்தான் எழுந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு, மொத்தம் ஒன்பது சரக்கு. அரசு மருத்துவமனைகளிலேயே அண்டாவில் வைத்து ஊற்றினார்கள். இங்கிலீஷ் மருந்தில் மருந்தே இல்லை என்று டாக்டரே ஒத்துக்கொள்கிறார். அப்புறம் என்ன?

குமரி_மருத்துவன்

குடிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆய்வகத்தில் வைரஸ் மேல் வேலை செய்வதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மனிதர்களில் மூட்டு வலியை இத்தனை நாள் குறைத்தது என்று உறுதியாகக் காட்டும் பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் சொல்வது இரண்டே விஷயம். அதைக் குடிக்கிறோம் என்ற தைரியத்தில் டெங்குவின் அபாய அறிகுறிகளைக் கோட்டை விடாதீர்கள். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, அரைமயக்கம். இவற்றில் எது வந்தாலும், அதுவும் காய்ச்சல் குறைகிற சமயத்தில் வந்தால், உடனே மருத்துவமனை. இரண்டாவது, கர்ப்பிணிகள் சித்த மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

மூலிகைத்_தோட்டம்

இரண்டாவதை ஒத்துக்கொள்கிறேன். நான்கில் ஒரு பங்காக வற்றவிட்டு வடிகட்டி அன்றன்றைக்கே குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்ததை பிளாஸ்க்கில் ஊற்றி மூன்று நாள் குடிக்கிறார்கள், கேட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்

எல்லாரும் மாத்திரையையும் கஷாயத்தையும் பேசுகிறீர்கள். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். செல்வி அம்மா, உங்கள் அப்பாவுக்கு வந்ததா? பக்கத்து வீட்டுக்கு?

செல்வி_சென்னை

ஐயா, அம்மாவுக்கு வந்து பத்து நாள் போல் கழித்து அப்பாவுக்கும் லேசாக வந்தது. எதிர்வீட்டில் மூன்று பேர். அப்பாவுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, அம்மாதான் இப்படி.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்

நினைத்தேன். அப்படியானால் கொசு உங்கள் வீட்டிலேயே அல்லது எதிர்வீட்டில் இருக்கிறது. ஏடிஸ் கொசு ஊர்சுற்றி இல்லை. பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டது, பஸ்ஸில் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொட்டால் ஒட்டாது. நோயாளியைக் கடித்த கொசுவின் உடம்பில் வைரஸ் சில நாள் பெருகி, அப்புறம் அது கடிக்கிற ஒவ்வொருவருக்கும் போகும். ஒரே ஆளிடம் முழு வயிறு குடிக்காது. கை அசைத்தால் எழுந்து பக்கத்தில் இருப்பவரின் காலில் உட்காரும். ஒரு வீட்டில் வரிசையாகப் படுப்பது அதனால்தான்.

யாரும் செய்யாத ஒரு வேலையைச் சொல்கிறேன். காய்ச்சல்காரரைத்தான் முதல் வாரம் பகலில் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். இந்தக் கொசு விடிந்ததும் கடிக்கும், பொழுது சாய்வதற்கு முன் கடிக்கும். ராத்திரி வலை கட்டிவிட்டுப் பகலில் திண்ணையில் பாய் விரித்துப் படுக்கவைத்தால் என்ன பிரயோஜனம்? முதல் வாரம் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கொசுவும் அவரைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் எதிர்வீட்டு மூன்று பேர் தப்பியிருப்பார்கள்.

அடுத்து தண்ணீர். உங்கள் பக்கம் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது?

செல்வி_சென்னை

வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் அதுவும் இல்லை. முற்றத்தில் சிமென்ட் தொட்டி, குளியலறையில் பிளாஸ்டிக் டிரம், அப்புறம் குடங்கள். அம்மா எல்லாவற்றையும் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்

சுத்தமான தண்ணீரில்தான் அது முட்டை போடும். சாக்கடைக் கொசு வேறு ஜாதி. வாரம் ஒரு முறை தண்ணீர் வருகிற ஊரில் மக்களைத் தொட்டி வைக்காதே என்று சொல்வது வீண் பேச்சு. மேலிடத்துக் கூட்டங்களில் நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். தண்ணீரை ஒழுங்காக விட்டாலே பாதிக் கொசு போகும். சரி, அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது மூடியும் தேங்காய் நாரும்தான்.

தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் கறுப்பு மணல்போல முட்டையை ஒட்டி வைத்திருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறை தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரியும். அதனால் நார் போட்டு, பிளீச்சிங் பவுடர் தொட்டு, உள்சுவரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், எனவே வாரத்தில் ஒரு கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். மூடி என்றால் விரல் போகாத அளவுக்கு மூட வேண்டும், இல்லையென்றால் பழைய பருத்தி வேட்டியைக் கட்டுங்கள்.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் வேண்டும். வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மூச்சு வாங்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். நகராட்சிப் பெண்கள் டார்ச்சோடு வருவார்களே, அவர்கள் தொட்டியருகே அசையாமல் நிற்பது அதற்காகத்தான். பலர் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பாவம், நாள் சம்பளத்துக்கு வெயிலில் வீடு வீடாக நடக்கிறார்கள். ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும். கழற்றினால் பாதி வீடுகளில் அங்கேதான் இருக்கும். ஆட்டுக்கல் குழி, மொட்டை மாடியில் போட்ட பழைய டயர், மணி பிளான்ட் பாட்டில், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, எதையும் விடாதீர்கள்.

வைப்பாறு

எங்கள் தெருவில் புகை அடித்தார்களே இன்ஸ்பெக்டர் சார்? வண்டி போனதும் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஓய்வு_இன்ஸ்பெக்டர்

கதவைச் சாத்தினால் கொசு உங்களோடு உள்ளே பத்திரமாக இருக்கும்! கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்குகிற சட்டைக்குள், அலமாரி மூலையில்தான் அது ஒளிந்திருக்கும். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து புகையை உள்ளே விட வேண்டும், நீங்கள் வெளியே நிற்க வேண்டும். அதுவும் பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், புழு அப்படியே இருக்கும். நோய் கொத்தாக வந்த தெருவில் அந்த நேரத்துக்கு உதவும், அவ்வளவே. கவுன்சிலர் போட்டோ எடுக்க வசதியானது என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். 2006 கடைசியிலை இங்கை வந்தபோது சண்டையாலை பாதை பூட்டியிருந்த காலம். பனடோல் (பாரசிட்டமால்) வாங்கவே வரிசை. வீட்டுக்கு வீடு ஆக்கள் கம்பு ஊன்றி நடந்ததை இப்பவும் கதைப்பினம். மட்டக்களப்பு, மன்னார் பக்கமும் அந்தமுறை பரவினது. பிறகு கனகாலம் பெரிசாய் இல்லை, 2024 கடைசியிலிருந்து இலங்கையிலை மறுபடி தலைதூக்கினது. நுளம்பு பெருகிற மாதிரி வளவை வைச்சிருந்தால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார். தேங்காய்ச் சிரட்டை, யோகட் கோப்பை, கூரைப் பீலி மூண்டையும் கட்டாயம் பாருங்கோ. பீலிக்குள்ளை இலை அடைச்சுத் தண்ணி நிண்டால் கீழை நிண்டு பார்க்கிறவருக்குத் தெரியாது.

டொக்டரிட்டை ஒரு கேள்வி. 2006-இல வந்த என்ர மாமிக்குத் திரும்ப வருமோ?

குமரி_மருத்துவன்

பெரும்பாலும் வராது. ஒரு முறை வந்தால் எதிர்ப்பு சக்தி பல பத்தாண்டு, அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும் என்றுதான் இதுவரை தெரிகிறது. டெங்குவில் நான்கு வகை இருப்பதால் திரும்பத் திரும்ப வரும், இதில் அந்தத் தொல்லை இல்லை. “மறுபடி சிக்குன்குனியா வந்துவிட்டது” என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பழைய மூட்டு வீக்கம் தலைதூக்கியிருக்கும், அல்லது அது வேறு காய்ச்சல்.

ஊர் ஊராகப் பெரிய அலை வந்து, அப்புறம் பல வருஷம் அடங்கிக் கிடப்பதற்கும் இதுதான் காரணம். 1952-ல் தான்சானியாவின் மகொண்டே பீடபூமியில் முதலில் அடையாளம் கண்டார்கள். இந்தியாவில் 1963-ல் கல்கத்தா, 1964-ல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி. 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு அலை. அதன்பின் முப்பது வருஷத்துக்கும் மேல் சத்தமே இல்லை, நாங்கள் படித்தபோது பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி அது. 2005 கடைசியில் திரும்பியபோது ஒரு தலைமுறைக்கே எதிர்ப்பு சக்தி இல்லை. 2006-ல் மட்டும் நாட்டில் 13 லட்சத்துக்கும் மேல் சந்தேக நோயாளிகள் என்று அரசே கணக்குக் காட்டியது. அதே சமயம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு வந்தது, அதுவும் தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழ்கிற தீவு. அங்கே 2025-ல் மறுபடியும் பெரிய அலை.

அந்த ரீயூனியன் அலையில் வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு இடத்தில் மாற்றம் வந்தது. அந்த மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்கிற தோட்டக் கொசுவுக்குள் வைரஸ் நன்றாகப் பெருக ஆரம்பித்தது. 2007-ல் கேரளத்தில் ரப்பர் தோட்டங்களில் அது கொடி கட்டிப் பறந்தது. எங்கள் குமரி மாவட்டத்திலும் ரப்பர்தான். மழைக்காலத்தில் பால் எடுப்பதை நிறுத்தியதும் சிரட்டைகளைக் கவிழ்க்காமல் விட்டால் மரத்துக்கு ஒரு கொசுத் தொட்டி. தோட்டத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லி அன்றைக்குத் தொண்டை வறண்டது, இன்றைக்கும் அதே நிலைதான்.

பொள்ளாச்சி_மணி

சார், அவசரமாக ஒரு கேள்வி. மனைவிக்கு ஒன்பதாவது மாதம். எங்கள் வீதியில் இரண்டு வீட்டில் சிக்குன்குனியா. பயமாக இருக்கிறது.

குமரி_மருத்துவன்

பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். கர்ப்பத்தின் முந்தைய மாதங்களில் வந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் பாதிப்பு இருப்பதில்லை. பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால்தான் ஆபத்து. அப்போது ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு நோய் போகிறது, சிலருக்கு மூளை வரை பாதிக்கும். இதை முதன்முதலில் தெளிவாகப் பதிவு செய்ததும் ரீயூனியன் மருத்துவர்கள்தான். சிசேரியன் செய்தால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை.

ஆகவே இப்போது மனைவியைக் கொசு கடிக்கவிடாமல் பார்ப்பதுதான் முழு வேலை. பகலிலும் வலை, முழுக்கை உடை, ஜன்னலுக்கு வலை. கொசுவிரட்டிக் களிம்பைக் கர்ப்பிணிகளும் பூசலாம், அட்டையில் போட்ட அளவுப்படி. முடிந்தால் காய்ச்சல் இல்லாத ஊரில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் பிரசவத்துக்கு நல்ல மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை பிறந்தபின் ஒரு வாரம் வரை மருத்துவமனை கண்ணிலேயே இருக்கட்டும். குழந்தை நன்றாகப் பிறந்து மூன்றாம் நாளுக்கு மேல் பால் குடிக்காமல் சோர்ந்து போவதுதான் இதில் வழக்கம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பொள்ளாச்சி_மணி

நன்றி சார். இன்று இரவே அவளை மாமியார் வீட்டில் விடுகிறேன், உடுமலைதான், அங்கே ஆஸ்பத்திரியும் பக்கம். தடுப்பூசி இருக்கிறது என்று யாரோ வாட்சப்பில் அனுப்பினார்கள்...

குமரி_மருத்துவன்

உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் 2023 நவம்பரில் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள், 2025-ல் இன்னொன்றுக்கு. முதலாவது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். வயதானவர்கள் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்ததால் 2025 ஆகஸ்டில் அங்கே அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டு அலையாதீர்கள்.

வைப்பாறு

சரி டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். எனக்கு முதல் நாளே தனியார் லேப்பில் எடுத்து ‘நெகட்டிவ்’ என்றார்கள். காசு போனதுதான் மிச்சம்.

குமரி_மருத்துவன்

முதல் நாளில் ஐஜிஎம் பார்த்தால் அப்படித்தான் வரும். அது உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள், ஐந்தாறு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கு முன் என்றால் வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஐஜிஎம் இலவசம், புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். நோயாளிக்கு முதல் நாட்களில் இதைவிட முக்கியம் டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனையும் தட்டணுக்களும்தான். சிக்குன்குனியா என்று காகிதத்தில் வந்தாலும் வராவிட்டாலும் முதல் வார வைத்தியம் மாறப்போவதில்லை, டெங்கு என்றால் மாறும்.

செல்வி_சென்னை

டாக்டர், சர்க்கரை பார்த்தோம். சாப்பாட்டுக்கு முன் 240. வழக்கமாக 130 தான் இருக்கும். ஊசிப் பெயரையும் அப்பா கேட்டு வாங்கிவிட்டார், நீங்கள் சொன்னதேதான். இரண்டாவது ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவை அசையவே கூடாது, கோழி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எதுவும் சாப்பிடக் கூடாது என்கிறார்.

குமரி_மருத்துவன்

கோழியை நிறுத்த ஒரு காரணமும் இல்லை. கோழிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்த பெண்ணுக்கு முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் வேண்டும்.

அசையாமல் படுப்பதுதான் பெரிய தப்பு. முதல் வாரம் ஓய்வு சரி. இப்போது ஒரு மாதம் தாண்டியும் படுத்தே இருந்தால் தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போகும். காலையில் எழுவதற்கு முன் கட்டிலிலேயே விரல்களை மடக்கி நீட்டட்டும், மணிக்கட்டையும் கணுக்காலையும் வட்டமாகச் சுழற்றட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே செய்தால் விறைப்பு சீக்கிரம் இளகும். மூட்டு சூடாக வீங்கியிருந்தால் வெந்நீருக்குப் பதில் துணியில் சுற்றிய ஐஸ். தரையில் குந்துவது, குடம் தூக்குவது, மாவு பிசைவது கொஞ்ச நாள் வேண்டாம். நாற்காலி வடிவில் வரும் பிளாஸ்டிக் கமோடு ஒன்று வாங்கிப் போடுங்கள், மாத்திரையைவிட அதற்குத்தான் அம்மா உங்களை வாழ்த்துவார்.

வயதானவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், முதல் வாரமே வலி கடுமையாக இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் இழுக்கிறது. அப்பாவுக்கு ஒரு வாரத்தில் போனது அம்மாவுக்கு ஏன் போகவில்லை என்று வீட்டில் கேட்டால், அம்மா நடிக்கவில்லை என்று எனக்காகச் சொல்லுங்கள். நிறைய வீடுகளில் இந்தப் பேச்சு ஓடுகிறது.

மதுரையிலோ நெல்லையிலோ வாதநோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள், எலும்பு மருத்துவரிடம் அல்ல. முடக்குவாதமா என்று அறிய ஆர்ஏ காரணி, ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பார். முடக்குவாதமும் இதே மாதிரி காலை விறைப்போடு வரும், சிலருக்கு இந்தக் காய்ச்சலுக்குப் பின்தான் அது வெளியே தெரிகிறது.

செல்வி_சென்னை

எல்லாருக்கும் நன்றி. விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து அம்மாவைத் திருநெல்வேலியில் காட்டிவிட்டேன். ஆன்டி-சிசிபி நெகட்டிவ். மூட்டு வீக்கத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதியிருக்கிறார், கிரியாட்டினின் நன்றாக இருப்பதால் கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரையும், வயிற்றுக்கு ஒன்றும். சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு மேலும் வீக்கம் இருந்தால் மெத்தோட்ரெக்சேட் யோசிக்கலாம் என்றார். இன்ஸ்பெக்டர் ஐயா, முற்றத்துத் தொட்டியை நாரால் தேய்த்தோம். ஃபிரிட்ஜ் தட்டை அப்பா கழற்றவே விடவில்லை, கழற்றியதும் பேசவில்லை. குடிநீர்த் தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்ற வந்தார்கள், அம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஊற்றினால் குடிக்கலாமா?

ஓய்வு_இன்ஸ்பெக்டர்

குடிக்கலாம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில்தான் போடுவார்கள், அந்த அளவில் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனமே அனுமதித்த மருந்து. கொஞ்சம் வாடை இருக்கும். அளவு தெரிந்த பணியாளர்தான் ஊற்ற வேண்டும், நீங்கள் வாங்கி ஊற்றாதீர்கள். மனசு ஒப்பவில்லை என்றால் குடிநீருக்குத் தனிப் பாத்திரம் வைத்து மூடிவிட்டு, புழங்கும் தொட்டியில் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிய அன்று மறுபடி ஊற்ற வேண்டும், பழைய மருந்து தண்ணீரோடு போய்விடும்.

குமரி_மருத்துவன்

செல்வி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடங்கினால் கண் மருத்துவரிடம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். சர்க்கரை இருப்பதால் எப்படியும் அது பாக்கிதான். இந்த மருந்தே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், மாத்திரையையும் கூட்டியிருக்கிறார்கள். ஸ்டீராய்டின் வேகம் அடங்கியதும் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிடலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், இரண்டு வாரத்தில் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். பின்னால் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள், தினமும் அல்ல. அட்டையில் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தினமும் சாப்பிட்டு வாய் முழுக்கப் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்வி_சென்னை

எழுதி ஒட்டுகிறேன் டாக்டர். கண் மருத்துவரிடம் வரும் சனிக்கிழமை அழைத்துப் போகிறேன்.